வட கடலில் 12–4 வாட்ச்

நோர்வேயின் பேர்கன் துறைமுகத்தில் அந்தக் கப்பலைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகும் வழியில், வெள்ளை உடலும் மூன்று பாய்மரமுமாகக் கரையோடு கட்டி நிற்கும். பெயர் ஸ்டாட்ஸ்ராட் லெம்கூல். 1914இல் ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனில் பயிற்சிக் கப்பலாகவே கட்டப்பட்டது. 98 மீற்றர் நீளம், 22 பாய்கள். நோர்வேக் கடற்படைக் கல்லூரி மாணவர்கள் இதில் கடல் பழகுகிறார்கள். காசு கட்டினால் என்னைப் போன்ற அலுவலக ஆட்களையும் பயிலுநராக ஏற்றுவார்கள். ஒரு செப்டம்பரில் ஸ்கொட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளிலுள்ள லேர்விக் வரை போனேன்.

எனக்கு ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை பாய் விரித்துப் போன கதையை அம்மப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். அவர் கதைகளில் பாதி, தண்டையலைப் பற்றித்தான் இருக்கும். கப்பல் தலைவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஏறும்போதே என் கண் பாய்களைவிட அதிகாரிகளைத்தான் தேடியது.

ஏறிய உடனே எங்களை மூன்று வாட்சாக, அதாவது முறை வைத்துக் காவல் பார்க்கும் குழுக்களாகப் பிரித்தார்கள்: சிவப்பு, வெள்ளை, நீலம். நாலு மணிநேரம் வேலை, எட்டு மணிநேரம் ஓய்வு. எனக்கு விழுந்தது 12–4. பகலிலும் அதுவே, நள்ளிரவிலும் அதுவே. படுக்கை, கீழ்த்தளத்தில் வரிசையாகத் தொங்கும் தூளி. பக்கத்துத் தூளிக்காரரின் முழங்கை நம் விலாவில் படும். சரி, களைப்பில் அது ஒன்றும் தெரியாது.

கப்டனுக்கு வாட்ச் கிடையாது. ஆனால் கப்பலில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. இரவு படுக்கப் போகுமுன் ஒரு கட்டளைப் புத்தகத்தில் எழுதிவைப்பார்: என்ன திசை, எதில் கவனம், எப்போதெல்லாம் தன்னை எழுப்ப வேண்டும். வாட்சுக்கு வரும் அதிகாரி அதை வாசித்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் பொறுப்பெடுப்பார். தலைமை அதிகாரிக்குத் தளமும் ஆட்களும் பாதுகாப்புப் பயிற்சிகளும். கயிறு, பாய், பாய்மரம் எல்லாம் போசன் எனப்படும் மாலுமித் தலைவரின் கையில். இயந்திர அறைக்காரர்களை நான் சாப்பாட்டு மேசையில் மட்டும்தான் கண்டேன்.

எங்கள் வாட்ச் அதிகாரி முப்பது வயது மதிக்கத்தக்க பெண். நோர்வேயில் மரியாதைப் பன்மை வழக்கில் இல்லை, எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அவர் ஒரு கட்டளை சொன்னால் அதைத் திருப்பிச் சொல்லாமல் ஒருவரும் அசையக்கூடாது. போக வேண்டிய திசையைப் பாகையில் "265" என்றால் சுக்கானில் நிற்பவர் "265" என்று உரக்கச் சொல்ல வேண்டும். காற்றில் காது ஏமாற்றும். திருப்பிச் சொன்னால்தான் பிழை அந்த இடத்திலேயே பிடிபடும்.

முதல் இரவு எனக்கு முன்பார்வைக் காவல். தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. மேலே ரேடார் இருக்கிறது, அதிகாரி பார்த்திருப்பார் என்று பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவரே பக்கத்தில் வந்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். சொன்னேன். எத்தனை விளக்கு, என்ன நிறம் என்றார். உற்றுப் பார்த்தேன்: மேலே பச்சை, அதற்குக் கீழே வெள்ளை. அது இழுவலை போட்டிருக்கும் மீன்பிடிக் கப்பல். இயந்திரக் கப்பல்கள் பொதுவாகப் பாய்க்கப்பலுக்கு வழிவிட வேண்டும். ஆனால் வலை போட்டிருப்பவருக்கு நாங்கள்தான் வழிவிட வேண்டும். ரேடாரில் அதிகாரி அதை முன்பே கண்டிருந்தார். இருந்தும் என் வாயிலிருந்து வரவேண்டும் என்று காத்திருந்திருக்கிறார். கண்ணாலும் காதாலும் காவல் காப்பது கடல் சட்டம், ரேடார் அதற்குத் துணைதான் என்றார். கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு நன்றாக உறைத்தது.

இரண்டாம் இரவு சுக்கானில் இருவராக நின்றோம். தெற்கிலிருந்து காற்று. இவ்வளவு பெரிய கப்பல் சுக்கானுக்கு உடனே பதில் சொல்லாது. திருப்புவோம், ஒன்றும் நடக்காது, இன்னும் திருப்புவோம், பிறகு ஒரேயடியாகத் திரும்பிவிடும். 15 பாகை விலகிப் போய்விட்டது. அதிகாரி எனக்குப் பின்னால் ஓரடி தூரத்தில்தான் நின்றார். அவர் பிடித்திருந்தால் அரை நிமிடத்தில் நேராகியிருக்கும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "பொறுங்கள், இப்போது திரும்பும்" என்று மட்டும் சொன்னார். திரும்பியது. பயிற்சிக் கப்பல் அதிகாரிக்கு இதுதான் மிகக் கடினமான வேலை என்று நினைக்கிறேன். சுக்கான் பழக்கமில்லாதவன் கையில், அவன் செய்யும் பிழைக்குப் பொறுப்பு அவர் தலையில், கப்பலில் நூறு பேருக்கு மேல். அப்படியிருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றரை மணிக்கு ரேடாரில் ஒரு மழைக்கூட்டம் தெரிந்தது. கப்டனை எழுப்பினார். கப்டன் வந்தார், கேட்டார், தலையசைத்தார், ஓரமாக நின்றுகொண்டார். முடிவு அந்தப் பெண்ணுடையது: உச்சியிலுள்ள பாய்களை இறக்குவது. நாங்கள் தளத்தில் நின்று கயிறு இழுத்தோம். மேலே ஏறி, பாய் தொங்கும் குறுக்குமரமான பருமலில் பாயைச் சுருட்டிக் கட்டியது அனுபவமுள்ள மாலுமிகள் மட்டும். இருட்டில் பயிலுநர் எவரையும் அவர் ஏறவிடவில்லை. ஏறிய ஒவ்வொருவரின் பாதுகாப்புப் பட்டியையும் பார்த்தார், இறங்கியவர்களை எண்ணினார். அந்த நேரத்தில் குரல் மாறிவிட்டது. கேள்வி இல்லை, விளக்கம் இல்லை, கட்டளை மட்டும்.

பத்து நிமிடத்தில் காற்று அடித்தது. கப்பல் சாய்ந்தது, நிமிர்ந்தது, ஓடியது. எனக்கு கொன்கோர்டியா நினைவுக்கு வந்தது. 2010இல் பிரேசில் கரைக்கப்பால் கவிழ்ந்த பாய்க்கப்பல், பெரும்பாலும் மாணவர்கள். ஏறியிருந்த 64 பேரும் பிழைத்தார்கள். முன்கூட்டியே பாயைக் குறைத்திருக்க வேண்டும், கதவுகளை அடைத்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே விசாரணையில் பேசப்பட்டது. இங்கே எங்கள் பாய் காற்றுக்கு முன்பே இறங்கியிருந்தது.

மழை ஓய்ந்ததும் அவரிடம் எங்கள் ஊர்ச் சொல்லைச் சொன்னேன். "தண்டையல்" என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ழகரம் இல்லாததால் நன்றாகவே வந்தது.

நாலு மணிக்கு அடுத்த அதிகாரி வந்தார். இருட்டுக்குக் கண் பழகும்வரை பொறுப்பெடுக்கவில்லை, சும்மா நின்றார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கைமாறியது: திசை, காற்று, விரித்திருக்கும் பாய்கள், சுற்றியுள்ள கப்பல்கள், கப்டனின் கட்டளை, மேலே ஆள் எவருமில்லை. புதியவர் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். நான் சுக்கானை அடுத்த பயிலுநரிடம் கொடுத்து "265" என்றேன். அவளும் "265" என்றாள்.