முறைத் தண்ணீரும் ஆன்டன் லண்டின் மசோதாவும்

யூட்டா மாநிலத்தின் வடகோடியில், கேச் பள்ளத்தாக்கில் இருக்கும் லோகன் நகரத்தில், மாநிலப் பல்கலைக்கழகத்தின் நீர்ப்பாசன ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். விவசாயிகளின் வயல்களில் மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளைப் புதைப்பதும், அளவுகளை எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் என் அன்றாடப் பணி. எந்த வாரத்தில் எவ்வளவு தண்ணீர் விடலாம் என்பதுதான் பேச்சு முழுவதும்.

இந்தப் பேச்சு சுலபமானது அல்ல. இங்கே பெரும்பாலான வாய்க்கால்கள் விவசாயிகளே பங்கு வைத்திருக்கும் கால்வாய் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. பங்குக்கு ஏற்ற நேரம் முறை வைத்து வரும். முறை நள்ளிரவில் வந்தாலும் எழுந்து போய் மடையைத் திறக்க வேண்டும். மண்ணில் ஈரம் போதுமான அளவு இருக்கிறது, இந்த முறையை விட்டுவிடலாம் என்று கருவி காட்டும். குதிரைமசால் பயிரிடும் பெரியவர் ஒருவர் கருவியையும் பார்ப்பார், என்னையும் பார்ப்பார். பிறகு மடையைத் திறந்துவிடுவார். அடுத்த முறை வரும்வரை வெயில் எப்படி அடிக்குமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். காவிரிக் கடைமடையில் பிறந்தவனுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

முறை வைக்கும் இந்த ஏற்பாட்டின் பின்னால் நீண்ட வழக்காடல் இருக்கிறது. 1847-இல் இந்த வறண்ட நிலத்துக்கு வந்த மோர்மன் மக்கள் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள்) முதல் வேலையாக ஓடைகளைத் திருப்பினார்கள். தண்ணீர்த் தகராறு வந்தால் அது பெரும்பாலும் ஊர்ச் சபையின் தலைவரான பிஷப்பிடம் போகும். அந்த பிஷப்பும் ஏர் பிடிக்கும் விவசாயிதான். சட்டம் படித்தவர் அல்ல. 1852-இல், இன்னும் மாநிலமாகாத யூட்டா பிரதேசத்தின் சட்டமன்றம் ஓடைகளின் மீதான அதிகாரத்தைக் கவுண்டி (மாவட்ட) நீதிமன்றங்களிடம் கொடுத்தது. அங்கே அமர்ந்தவர்களும் அதே ஊர்க்காரர்களே. யாருடைய தண்ணீர், யாருக்கு முன்னுரிமை என்பதை அவர்கள் நியாயமாகவே தீர்த்தார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு ஏக்கர் கோதுமைக்கு உண்மையில் எவ்வளவு தண்ணீர் தேவை என்பதை எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது. அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஆன்டன் லண்ட். டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் 1844-இல் பிறந்தவர். 12 வயதில் மோர்மன் சமயத்தில் சேர்ந்தார். அமெரிக்காவுக்குப் புறப்படவிருந்த தம் சபையினருக்கு, பதின்வயதிலேயே ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். 1862-இல் தாமும் கப்பலேறினார். யூட்டாவின் சான்பீட் பள்ளத்தாக்கில் டேனிஷ்காரர்கள் திரளாகக் குடியேறியிருந்தார்கள். அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். தந்தி இயக்கக் கற்றுக்கொண்டு மவுண்ட் பிளசன்ட் ஊரில் தந்தியாளராக இருந்தார். பிறகு எஃப்ரெய்ம் ஊரில் கூட்டுறவுக் கடையை நடத்தினார்.

1880-களில் சமயப் பணிக்காக மறுபடியும் டென்மார்க் சென்று வந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு விவசாயத்தைப் பாடமாகவே கற்பிக்கும் டேனிஷ் பள்ளிகள் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்திருந்தன. திரும்பி வந்தவர் சட்டமன்ற உறுப்பினரானார். அது மோர்மன்களுக்குக் கடுமையான காலம். அவர்களிடையே அப்போது வழக்கத்தில் இருந்த பலதார மணத்தைச் செய்தவர்கள் பதவி வகிக்க 1882-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருந்தது. சபையின் மூத்த தலைவர்கள் பலர் தலைமறைவாக இருந்தார்கள். லண்டுக்கு ஒரே மனைவி. அதனால் அவையில் அமர அவருக்குத் தடை இருக்கவில்லை. 1887-இல் வேளாண் ஆய்வு நிலையங்களுக்கு ஒன்றிய அரசு ஆண்டுதோறும் பணம் தர முன்வந்தது. யூட்டாவில் ஒரு வேளாண் கல்லூரி வேண்டும் என்ற மசோதாவை லண்ட் முன்னின்று கொண்டுவந்தார். 1888 மார்ச் 8 அன்று அது சட்டமானது. கல்லூரி லோகனுக்குக் கிடைத்தது. 1890-இல் வகுப்புகள் தொடங்கின. அதுதான் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம்.

1901 முதல் லண்ட் சபையின் தலைமைக் குழுவில் இருந்தார். சபை மன்றங்களின் தீர்ப்புகளுக்கு எதிரான இறுதி மேல்முறையீடு அந்தக் குழுவிடமே சென்றது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவர் ஏறக்குறைய 20 ஆண்டுகள் அமர்ந்திருந்தார். இருந்தாலும் அந்த மசோதாவைத்தான் அவருடைய பெரிய பணியாக நான் கருதுகிறேன்.

அதன் பலன் விரைவிலேயே தெரிந்தது. நார்வேயில் பிறந்து, சிறுவனாகத் தாயுடன் லோகனுக்கு வந்த ஜான் விட்சோ, இக்கல்லூரியின் ஆய்வு நிலையத்துக்கு 1900-இல் இயக்குநரானார். கணவரை இழந்த அந்தத் தாய் துணி தைத்து மகனை வளர்த்தவர். லோகனுக்கு வடக்கே ஒரு பண்ணையில் பாத்தி பாத்தியாக வெவ்வேறு அளவில் தண்ணீர் விட்டு, விளைச்சலை எடைபோட்டுப் பார்த்தார்கள். தண்ணீரைக் கூட்டக் கூட்ட விளைச்சல் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஓர் அளவுக்கு மேல் விட்ட தண்ணீர் வீண் என்று தெரிந்தது. மடையருகே நின்று இன்று நான் பேசுவதும் அதே கணக்குதான். 1921 மார்ச் மாதம் லண்ட் காலமானார். அதனால் சபையின் உயர்குழுக்களில் ஒன்றான பன்னிரு அப்போஸ்தலர் குழுவில் ஏற்பட்ட காலியிடத்துக்கு அதே மாதத்தில் விட்சோ அழைக்கப்பட்டார்.

குதிரைமசால் பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். லண்டின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. கல்லூரியோடு லண்டுக்கு இருந்த தொடர்பு தெரிந்திருக்கவில்லை. இந்தக் கோடையில் வயலின் ஒரு மூலையில் மட்டும் ஒரு முறையைத் தவிர்த்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அங்கே கூடுதலாக இரண்டு கருவிகளைப் புதைக்கப் போகிறேன்.