பெயர் எழுதிப் போனவர்கள்: மேலூர்க் குன்றுகளில் ஒரு பயணம்

தை மாதக் கடைசியில், பனி முற்றிலும் விலகாத ஒரு காலையில், நண்பர் ஒருவருடன் இருசக்கர வண்டியில் மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் புறப்பட்டேன். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்கு இருபது ஆண்டுகளாகப் போய்வருகிறேன். முதன்முறை கண்டவற்றுள் எவையெவை அப்படியே இருக்கின்றன, எவை சிதைந்தன என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வருவதே இந்த முறை நோக்கம். இரண்டு நாளுக்கான சோற்றுக்கும் தண்ணீருக்கும் வழி செய்துகொண்டு, ஒரு நோட்டும் இரண்டு டார்ச் விளக்குகளும் எடுத்துக்கொண்டோம்.

முதலில் மாங்குளம். மீனாட்சிபுரத்தை அடுத்துள்ள இந்தக் குன்றைக் கழுகுமலை என்றும் ஓவாமலை என்றும் சொல்கிறார்கள். ஏறிச் சென்றால் பாறைகளுக்கு அடியில் இயற்கையாக அமைந்த குகைத்தளங்கள் வருகின்றன. தரையை வழவழப்பாகத் தேய்த்து, தலைமாட்டில் திண்டுபோல் சிறு மேடு விட்டுச் செதுக்கிய கற்படுக்கைகள் அவற்றுக்குள் இருக்கின்றன. மழைநீர் உள்ளே வழியாமல் இருப்பதற்காகக் குகையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காடியை ஒட்டித்தான் தமிழி, அதாவது தமிழ் பிராமி, எழுத்துகள் இருக்கின்றன. 1882இல் ஆங்கிலேய அதிகாரி இராபர்ட் சீவல் இவற்றைக் கண்டறிந்தார். இவ்வகைக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். 1965இல் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் மலையேறி வந்து படித்தபோதுதான், நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னனின் பெயர் அந்த எழுத்துகளுக்குள் இருப்பது தெளிவாயிற்று. அம்மன்னனின் அலுவலனாகிய கடலன் வழுதி, கணிநந்தன் என்னும் துறவிக்கு இந்தப் பள்ளியை, அதாவது துறவிகள் தங்கும் இடத்தை, வெட்டுவித்துக் கொடுத்திருக்கிறான். வெள்ளறை ஊரின் நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், கொடுத்த கொடையும் இங்கே பதிவாகியிருக்கிறது. சங்கப் பாடல்களில் நாம் அறிந்திருந்த ஒரு பெயர், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடைய கல்லில் கிடைத்தது இந்த மலையில்தான்.

கண்டறிந்ததற்கும் அந்தப் பெயரைப் படித்ததற்கும் இடையே 83 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அத்தனை காலமும் எழுத்து காத்திருந்தது. அதன்மேல் யாரும் வண்ணம் பூசியிருக்கவில்லை, யாரும் குறுக்கே கீறியிருக்கவில்லை. தமிழியில் ஓர் எழுத்தின் தலைப்பகுதியில் வலப்பக்கமாக நீளும் சிறு கோடு ஒன்று அதைக் குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா என்று மாற்றிவிடும். அதே கோடு இடப்பக்கம் நீண்டால் எகரமாகிவிடும். அப்படிப்பட்ட எழுத்தின் அருகில் ஒருவர் ஆணியால் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறும்போது, அவர் அறியாமலேயே ஒரு சொல்லைத் திருத்தி எழுதிவிடுகிறார். பிற்காலத்தில் படிப்பவருக்கு எது உளியின் கோடு, எது ஆணியின் கோடு என்று பிரித்தறிவது எளிதாக இருக்காது.

இதைச் சொல்லும்போது என்னுடைய பிழையையும் எழுதியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன், படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, வேறொரு குன்றில் கல்வெட்டின்மேல் நானே சாக்பீஸால் கோடிழுத்திருக்கிறேன். எழுத்து என்று நான் எண்ணியதைத்தான் இழுத்தேன். அதில் இரண்டு இடங்கள் வெறும் பாறைவெடிப்பு என்பதைப் பின்னால் அறிந்தேன். எனக்குப் பின் வந்தவர்கள் என்னுடைய கோட்டைப் பார்த்து அதன்மேலேயே மீண்டும் இழுத்திருந்தார்கள். அதன்பின் ஒருவர் அதே வழியில் வெள்ளை எண்ணெய்ச்சாயத்தை ஊற்றி நிரப்பிவிட்டார். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. முறையாகப் படியெடுப்பவர்கள் ஈரத்தாளைப் பாறையில் ஒட்டி, தூரிகையால் தட்டிப் பள்ளங்களுக்குள் அமர்த்தி, அதன்மேல் மை ஒற்றுகிறார்கள். தாள் உரிந்து வந்ததும் பாறை பழைய பாறையாகவே இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அதுவும் தேவையில்லை. டார்ச்சைப் பாறையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் நிழல் விழுந்து ஒவ்வோர் எழுத்தும் தானாக எழுந்து நிற்கும். இந்த முறை நாங்கள் அப்படித்தான் பார்த்தோம்.

நண்பகலுக்கு முன் அரிட்டாபட்டி போய்ச் சேர்ந்தோம். கழிஞ்சமலையின் ஒரு பக்கம் குடைவரைச் சிவன் கோயில், இன்னொரு பக்கம் சமணத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம், குகையின் நெற்றியில் தமிழிக் கல்வெட்டுகள். நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்த 'முழாகை'யைக் கொடுத்ததாக அவற்றுள் ஒன்று கூறுகிறது. குகையைக் குறிக்கும் முழை என்ற பழஞ்சொல்லோடு அதை இணைத்துப் பொருள் கொள்கிறார்கள். இந்த ஊரைப் பற்றி இப்போது பலருக்கும் தெரியும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேர் நிலம் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், இதன் ஒரு பகுதியையும் சேர்த்து 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7ஆம் நாள் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரையை நோக்கித் திரண்டு வந்தார்கள். அதே மாதம் 23ஆம் நாள் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்தப் போராட்டத்தில் மலையும் கண்மாயும் கோயிலும் கல்வெட்டும் ஒரே பேச்சாகத்தான் வந்தன. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரிட்டாபட்டியின் கல்வெட்டு இன்று ஓரளவு பாதுகாப்பாக இருப்பதற்கு அறிவிப்புப் பலகை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பாறைக்கு ஊரில் இன்னும் வேலை இருக்கிறது. அதன் சரிவில் வழியும் மழைதான் கண்மாயை நிரப்புகிறது. அதன் மடியில் இருக்கும் சாமிக்கு விளக்கு எரிகிறது. நாங்கள் காலணியோடு பாறையில் கால் வைக்கப்போனபோது, சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "தம்பி, செருப்பக் கழட்டிப் போட்டுட்டுப் போங்கப்பா" என்றார். எந்தக் காவலரும் இத்தனை மென்மையாகச் சொல்லி இத்தனை விரைவாகக் கீழ்ப்படிய வைத்ததில்லை.

கீழவளவு வேறு கதை. மேலூரிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் உள்ள இந்தப் பஞ்சபாண்டவர் மலையைப் பார்க்கும்போது, அழிவு என்பது இரைச்சலோடும் வரும் என்பது புரிகிறது. கிரானைட் குவாரி குன்றின் ஒரு பக்கத்தைக் கத்தியால் அறுத்த பாகற்காய்போல் செங்குத்தாக வெட்டி எடுத்திருக்கிறது. மறுபக்கத்தில் கற்படுக்கைகளும், தலைகீழாகவும் வலமிருந்து இடமாகவும் வெட்டப்பட்ட எழுத்துகளைக் கொண்ட ஒரு தமிழிக் கல்வெட்டும் தப்பி நிற்கின்றன. தொண்டியைச் சேர்ந்த உபாசகர், அதாவது இல்லறத்து அடியவர், ஒருவர் கொடுத்த பள்ளி என்று அதற்கு அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒருவர் இந்த உள்நாட்டுக் குன்றில் துறவிகளுக்கு இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறார் என்றால், அன்று இவ்வழியே நடந்த வணிகத்தையும் மனித நடமாட்டத்தையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். வெட்டுண்ட பக்கத்தில் படுக்கையோ எழுத்தோ இருந்திருந்தால், அதை இனி யாரும் சொல்ல முடியாது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் வெட்டியதில் நடந்த முறைகேடுகளை விசாரிக்க உயர் நீதிமன்றம் 2014இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்தது பலருக்கும் நினைவிருக்கும். பணக் கணக்கும் கன அடிக் கணக்கும் அப்போது நிறையப் பேசப்பட்டன. குன்றோடு போன எழுத்துக்குக் கணக்கு வைக்க வழியே இல்லை.

இரண்டாம் நாள் போன குன்றின் பெயரை எழுதப் போவதில்லை. அது எந்தப் பட்டியலிலும் இல்லாத, பலகையும் வேலியும் இல்லாத சிறு குன்று. ஊரிலிருந்து தள்ளி, கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. 2008 வாக்கில் நான் முதலில் போனபோது அங்கே ஐந்து படுக்கைகள் முழுமையாக இருந்தன. இப்போது இரண்டு மட்டுமே முழுமையாக இருக்கின்றன. ஒன்றின் தலைத்திண்டைச் சம்மட்டியால் உடைத்திருக்கிறார்கள். இன்னொன்றின் ஓரத்தில் கடப்பாரையால் நெம்பிய தடம் இருக்கிறது. அதனடியில் இடுப்பளவு பள்ளம். நடுப்படுக்கையின்மேல் நெருப்பு மூட்டிச் சமைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் பாறையின் மேல்தோல் வெங்காயச் சருகுபோல் செதில் செதிலாக உரிந்து, கையால் தொட்டால் உதிர்கிறது. சுவரெங்கும் பெயர்களும் காதல் குறிகளும் கைப்பேசி எண்களும் சிவப்பு, நீல எண்ணெய்ச்சாயத்தில் இருந்தன. உடைந்த மதுப்புட்டிகளை ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார்கள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களை வெகுநேரம் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"நீங்களும் தோண்டத்தான் வந்திருக்கீகளா?"

"இல்லங்கய்யா. கல்லுல பழைய எழுத்து இருக்கான்னு பாக்க வந்தோம்."

"ராத்திரியில வர்றாக. புதையலு இருக்குன்னு எவனோ சொல்லிப்புட்டானாம். இது பஞ்சபாண்டவரு படுத்துக் கெடந்த எடம். எங்க அப்பாரு காலத்துல இதுல ஆட்டக்கூட ஏறவிட மாட்டாரு."

படுக்கையில் உறங்கியவர்கள் ஒரு வேளை உணவுக்கும் பிறர் கையை எதிர்பார்த்த துறவிகள். அவர்களுடைய படுக்கைக்கு அடியில் பொன் இருக்கும் என்று நம்பித் தோண்டுகிறார்கள் என்பதை எண்ணும்போது ஏற்பட்ட வருத்தத்தை அந்தப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கல்லில் உள்ள எழுத்து புதையலுக்கு வழி சொல்லும் என்ற நம்பிக்கை ஊர்ப்பக்கத்தில் வலுவாக இருக்கிறது. இந்தப் பகுதியின் குகைக் கல்வெட்டுகள் சொல்வதெல்லாம் யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்பதுதான். அதை ஊர்ப் பள்ளிகளிலேயே பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால் கடப்பாரைகள் சற்றேனும் குறையும் என்று நம்புகிறேன்.

கீழிறங்கும் வழியில், கல்லூரி மாணவர்கள்போல் தோன்றிய மூன்று இளைஞர்களைச் சந்தித்தோம். பேச்சுவாக்கில் ஒருவர், "அந்தக் காலத்தில் அவர்களும் பெயரைத்தானே எழுதி வைத்தார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. பாதையோரத்தில் உட்கார்ந்து பேசினோம். ஆம், கடலன் வழுதியும் தொண்டி உபாசகரும் பெயரை எழுதினார்கள். ஆனால் ஓர் இடத்தை இன்னொருவர் தங்குவதற்காகச் செய்து கொடுத்துவிட்டு, செய்ததன் ஓரத்தில் எழுதினார்கள். தங்களுக்கு முன்பு அங்கே இருந்த எதையும் மறைத்து எழுதவில்லை. அவர் ஒப்புக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்த எழுத்து, எங்கே இருக்கிறது என்று கேட்டு, மாங்குளத்தின் பெயரைக் குறித்துக்கொண்டார். அப்போதும் எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. மாங்குளமும் கீழவளவும் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள். அங்கே போகிறவர்கள் பெருகினால், கவனிக்கும் கண்களும் பெருகும். ஆளற்ற சிறு குன்றின் வரைபடப் புள்ளியைப் பொதுவெளியில் போட்டால், பார்க்க வருபவருக்கு முன் கடப்பாரையோடு ஒருவர் வந்துவிடுகிறார். அதனால் அத்தகைய இடங்களின் படத்தைப் போடும்போது ஊர்ப்பெயரையும் இடக்குறியையும் நீக்கிவிடுகிறேன். நண்பர்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சிதைப்பவருக்கு, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மாநில அரசின் சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் இவை பட்டியலில் ஏறிய இடங்களைத்தான் காக்கும். நான் பார்த்த சிறு குன்றைப் போன்றவை பட்டியலுக்கு வெளியே கிடக்கின்றன. படங்களையும் அளவுகளையும் சேர்த்து உரிய அலுவலகத்துக்கு எழுதினேன். இதுவரை பதில் இல்லை, மறுபடியும் எழுதுவேன். எண்ணெய்ச்சாயத்தைத் துடைக்க நாமே தின்னரும் கம்பித் தூரிகையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நல்லெண்ணத்தோடு தேய்ப்பவர் சாயத்தோடு எழுத்தின் விளிம்பையும் தேய்த்துவிடுகிறார். அது பயிற்சி பெற்ற வேதியியலாளர்கள் செய்ய வேண்டிய வேலை.

மாசி நடுவில் மீண்டும் ஒருமுறை அந்தக் குன்றுக்குப் போனோம். பெரியவரையும் ஆடுகளையும் காணவில்லை. ஆனால் குகையின் வாய் முழுவதும், ஆளுயரத்துக்கு, புதிதாக வெட்டிய கருவேல முள் அடைக்கப்பட்டிருந்தது. கிடைக்குப் பட்டி அடைப்பதுபோல் அடிக்கட்டைகளை வெளிப்பக்கம் வைத்து, காற்றில் புரளாதபடி மேலே கல் ஏற்றியிருந்தார்கள். கொம்பால் தள்ளினால் விலகிவிடும் முள்தான். எங்களுக்கு அதை நகர்த்த மனம் வரவில்லை. வெளியே நின்றபடி டார்ச்சை அடித்து, இரண்டு படுக்கைகளும் இருக்கின்றனவா என்று பார்த்தோம். இருந்தன.