கோடு மேடா, பள்ளமா?

அடிக்கும்போதே தவறு நேர்ந்த பிழை நாணயம் தேட உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கையில் எடுப்பதெல்லாம் பிழை மாதிரியே தெரியும். ஒன்றில் கோடு, ஒன்றில் எழுத்து மங்கல், ஒன்றில் விளிம்பு நசுங்கல். எது காசு அடிக்கும் அக்கசாலையிலேயே நேர்ந்தது, எது பஸ்ஸிலும் கல்லாப்பெட்டியிலும் அடிபட்டு வந்தது என்று பிரிப்பதுதான் இதில் முக்கால்வாசி வேலை.

தாம்பரத்தில் அத்தானுக்கு மளிகைக்கடை. வாரக் கடைசியில் கடைச் சில்லறையை வாங்கி வந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எடுத்துக்கொண்ட காசுக்குப் பதில் காசு. தேவைப்பட்டதெல்லாம் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப், மேசை விளக்கு, நகை எடை பார்க்கும் சின்னத் தராசு. விளக்கைத் தலைக்கு மேல் வைத்தால் ஒன்றும் தெரியாது. மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய காசு விற்கும் பெரியவர் ஒருவரிடம்தான் முதல் பாடம். “கோடு மேடா இருக்கா, பள்ளமா இருக்கா, அதை மட்டும் பாருங்க தம்பி. பள்ளம்னா கல்லாவுல போட்டுடுங்க.” காரணம் எளிது. காசு அடிக்கும் அச்சு எஃகு. அடித்து அடித்து அதில் விரிசல் விட்டால், அச்சில் அது பள்ளம். அடுத்த அடியில், காசாகப் போகும் தகட்டின் உலோகம் அந்தப் பள்ளத்துக்குள் ஏறி, காசில் மேடான கோடாக நிற்கும். இதுதான் டை கிராக். வெளியே வந்தபிறகு ஆணியோ சாவியோ கிழித்தால் உலோகம் போய்ப் பள்ளமாகத்தான் இருக்கும்.

ஆனால் லூப்பில் பார்க்கும்போது மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் கண்ணை ஏமாற்றும். அதற்கு ஒரு வழி உண்டு. காசில் உள்ள எழுத்துகள் மேடு என்று நமக்கு நிச்சயமாகத் தெரியும். எழுத்தின் எந்தப் பக்கம் மின்னுகிறது, எந்தப் பக்கம் நிழல் என்று பாருங்கள். கோட்டிலும் அதே பக்கம் மின்னினால் மேடு. மாறியிருந்தால் கீறல். இதைப் பழகியபிறகு ஒரு காசுக்குச் சில நொடிகளே ஆகிறது.

மேடாக இருப்பதெல்லாம் விரிசலும் இல்லை. அச்சை மெருகேற்றும்போது விழும் கீற்றுகளும் மேடாகத்தான் வரும். அவை முடி மாதிரி மெலிசாக, நேராக, பக்கத்தில் பக்கத்தில் ஓடி, உருவமோ எழுத்தோ வந்ததும் நின்றுவிடும். விரிசல் நிற்காது. கொஞ்சம் வளைந்து நெளிந்து, சமதளம், எழுத்து, சிங்கம் எதையும் மதிக்காமல் மேலேறிப் போகும். பெரும்பாலும் விளிம்பிலிருந்து புறப்படும்.

எனக்குக் கிடைத்ததில் மிகவும் பிடித்தவை கட்டைவிரலை உயர்த்திய நாட்டிய முத்திரை பொறித்த இரண்டு ஒரு ரூபாய்க் காசுகள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காசு. அச்சுக்கு முரட்டு உலோகம். முதல் காசில் விளிம்பிலிருந்து ஒரு கோடு கிளம்பி விரல் நுனியைத் தொட்டதும் முடிகிறது. வேறொரு வாரத்துச் சில்லறையில் வந்த இரண்டாவதில் அதே இடத்தில் அதே நெளிவோடு கிளம்பி, விரலைத் தாண்டி, உள்ளங்கையில் இரண்டாகக் கிளைக்கிறது. இரண்டிலும் ஒரே வருடம், வருடத்துக்குக் கீழே ஒரே நட்சத்திரம், அதாவது ஹைதராபாத். (வைர வடிவம் மும்பை, வட்டப் புள்ளி நொய்டா, குறி இல்லாவிட்டால் கொல்கத்தா.) ஒரே அச்சு, விரிசல் வளர வளர அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எது முன்னால் அடித்தது, எது பின்னால் என்று கோட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

விரிசல் முற்றி விளிம்போரத் துண்டே அச்சிலிருந்து பெயர்ந்தால், அந்த இடத்தில் காசில் மொழுக்கென்று ஒரு கட்டி நிற்கும். இதற்குச் சேகரிப்பாளர்களிடம் ‘கட்’ என்று பெயர். பெரியவரிடம் ஒன்று பார்த்தேன். நேர் பின்பக்கத்தில் எழுத்து மங்கியிருந்தது. மேலே உலோகம் அந்த ஓட்டைக்குள் போய்விட்டதால் கீழ் அச்சுக்கு நிரப்பப் போதவில்லை. பின்பக்கம் பளிச்சென்று இருந்தால் யாரோ பற்றவைத்த வேலையோ என்று சந்தேகப்படலாம்.

மற்றவை சீக்கிரம் பழகிவிடும். காசை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் இந்தியக் காசில் பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது. ஓரம் பிறை போல் வெட்டுப்பட்டிருந்தால் அதற்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். அங்கே விளிம்பு மழுங்கியிருந்தால் தகட்டிலேயே வெட்டுப்பட்டது என்று நம்பலாம். கூர்மையாக இருந்தால் அரம் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. சந்தேகம் வந்தால் எடை போடுவேன். இந்த முத்திரை ரூபாய் 4.85 கிராம். எழுத்து பாதி காணாமல் போனவை பெரும்பாலும் அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்ததால் வந்தவை. அவற்றை நான் இப்போது எடுப்பதே இல்லை.

விலை விஷயத்தில் யூடியூப்பை நம்பி யாரும் இறங்க வேண்டாம். பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கும் கும்பல்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. என் இரண்டு ரூபாய்க்கும் சேர்த்துப் பெரியவர் நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். தனித்தனியாக என்றால் இருபது கூடத் தேறாதாம். கொடுக்கவில்லை. “அப்போ ஒண்ணு செய்யுங்க, புளி கிளி போட்டுத் தேய்க்காம அட்டையில போட்டு வைங்க” என்றார்.