17 பாகை உயரத்தில் ஒரு ஜோடி: மொட்டை மாடி நாட்குறிப்பு

ஏப்ரல் 26, சனி

நாளைக்கு அமாவாசை. நெபுலா, கேலக்ஸி பார்க்கிறவர்கள் எல்லாம் ஊருக்கு வெளியே கிளம்பியிருப்பார்கள். ஒன்றாக ஒட்டித் தெரியும் ஜோடியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிற இரட்டை நட்சத்திரக்காரனுக்கு அமாவாசையும் ஒன்றுதான், பௌர்ணமியும் ஒன்றுதான். புதுச்சேரி லாஸ்பேட்டை மாடியே போதும். எனக்கு வேண்டியது இருட்டு அல்ல, ஆடாத காற்று.

பத்தரைக்குக் கன்னி ராசியின் பொரிமா கிட்டத்தட்ட தலைக்கு மேல். 6 அங்குல வாய் கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கி, 200 மடங்கு. சம வெளிச்சத்தில் இரண்டு புள்ளிகள், நடுவே சுத்தமான கறுப்பு. ஒன்றையொன்று சுற்ற 169 ஆண்டு எடுத்துக்கொள்ளும் ஜோடி இது. 2005-ல் அரை விகலைக்கும் குறைவாக நெருங்கியிருந்தது; இந்தத் தொலைநோக்கியால் அன்றைக்குப் பிரித்திருக்கவே முடியாது. இப்போது மூன்று விகலைக்கு மேல் வந்துவிட்டது. (ஒரு பாகையை 3600 பங்கு போட்டால் ஒரு பங்கு, அதுதான் விகலை.)

நள்ளிரவு தாண்டித் தெற்கே இன்னொரு ஜோடிக்குத் திருப்பினேன். ஆல்ஃபா சென்டாரி. இந்தக் கோடையில் நான் மாடி ஏறுவதே இதற்காகத்தான். கொதிக்கிற உலைக்கு மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரே நெளிவு. எத்தனை நட்சத்திரம் என்று எண்ணக்கூட முடியவில்லை.

மே 8, வியாழன்

அக்னி நட்சத்திரம். ராத்திரி பதினொன்றுக்கும் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியவில்லை.

புதுச்சேரியிலிருந்து ஆல்ஃபா சென்டாரி அதிகபட்சமாக ஏறுவதே 17 பாகைதான். உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி கடந்து வருகிற காற்றைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு காற்றை அதன் ஒளி கடக்க வேண்டும். கூடவே, எனக்குத் தெற்கே மொத்த டவுனும் கிடக்கிறது: அத்தனை கான்கிரீட், அத்தனை ஏசி. 6 அங்குலக் கண்ணாடி கணக்குப்படி முக்கால் விகலையைப் பிரிக்கும். அந்தக் கணக்கில் காற்றுக்கு இடமே இல்லை.

இன்னொரு தொல்லை, நிறப்பிரிகை. இவ்வளவு தாழ்வில் காற்றே ஒரு பட்டகமாகி நட்சத்திரத்தைச் சில விகலை நீளத்துக்கு இழுத்துவிடுகிறது, ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு. இழுப்பது செங்குத்தாக. துணை நட்சத்திரமும் இந்த ஆண்டுகளில் முதன்மைக்கு ஏறக்குறைய வடக்கே இருக்கிறது. அதாவது உச்சிக்கோட்டில் (உச்சி வழியே வடக்கு தெற்காகப் போகும் கோடு) வரும்போது ஜோடியும் செங்குத்தாகவே நிற்கிறது. இரண்டு வானவில் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. பக்கவாட்டில் நின்றிருந்தால் இத்தனை பாடு இல்லை. பச்சை ஃபில்டர் போட்டால் மற்ற நிறங்கள் கழிந்து புள்ளி கொஞ்சம் அடங்குகிறது. பச்சையாகத்தான் தெரியும், பரவாயில்லை.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. மேகம். கீழ் வீட்டு அக்கா "என்ன தம்பி, கிரகணமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மே 23, வெள்ளி

சாயங்காலம் ஒரு பாட்டம் மழை. தளம் குளிர்ந்துவிட்டது. தொலைநோக்கியின் வாய்க்கு அட்டையில் மூடி செய்து, ஓரமாக 5 செ.மீ. ஓட்டை போட்டிருந்தேன். ஆறு அங்குலத்தை இரண்டு அங்குலமாக்குவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் காற்று கெட்டிருக்கும்போது சின்ன வாய்தான் கெட்டிக்காரன்: பெரிய வாய்க்குள் ஒரே நேரத்தில் பல காற்றுக் குமிழிகள் நுழைந்து படத்தைக் குழப்புகின்றன, சின்னதில் படம் மொத்தமாக ஆடுமே தவிர உடையாது.

பதினொன்றுக்குச் சற்று முன் ஆல்ஃபா சென்டாரி பிரிந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, மூன்று மடங்குக்கும் மேல் வெளிச்ச வித்தியாசம். ஃபில்டரைக் கழற்றியும் நின்றது. மங்கலானதில் ஆரஞ்சுச் சாயல்.

இந்த ஜோடியை முதலில் பிரித்ததே இந்த ஊரில்தான். 1689 டிசம்பரில் ழான் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார், 12 அடி நீளத் தொலைநோக்கியில் வால்நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இது இரண்டாக இருப்பதைக் கண்டார். டிசம்பரில் இது விடியற்காலையில்தான் எழும், உச்சிக்கோட்டுக்கு வருவதற்குள் விடிந்துவிடும். ஆக அவர் பார்த்தது என் 17 பாகையைவிடவும் தாழ்வில். அவருக்கு மார்கழிக் குளிர்ச்சி இருந்தது, ஏசி இல்லை என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

80 ஆண்டுச் சுற்று இது. 1976-ல் 22 விகலை இடைவெளி இருந்ததாம், பைனாகுலரிலேயே பிரித்திருக்கலாம். 2016-ல் 4 விகலைக்குச் சுருங்கி, மறுபடி விரிகிறது.

மே 24, சனி

தாழ்வில் பட்ட பாடு போதும் என்று கேட்டை (அன்டாரிஸ்) நட்சத்திரத்துக்குத் திரும்பினேன். இங்கே அது 50 பாகைக்கு மேல் ஏறும். லண்டன்காரர்களுக்கு 12 பாகைதான். அதன் துணை இரண்டரை விகலைக்குச் சற்று மேல் தள்ளி, சிவப்புப் பிரகாசத்துக்குள் புதைந்து கிடக்கிறது. 1819-ல் வியன்னாவில் பூர்க் என்ற வானியலாளர், நிலா கேட்டையை மறைத்து விடுவித்தபோது முதலில் மங்கலாக ஒன்று எட்டிப் பார்ப்பதைக் கவனித்தார். நேரடியாகப் பார்த்தவர் ஜேம்ஸ் வில்லியம் கிராண்ட், 1844-ல், இந்தியாவிலிருந்து. அந்த உயரம் இல்லாமல் நடந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

துணை ஏறக்குறைய மேற்கே இருப்பதால், வானத்தோடு கூடவே நகர மோட்டார் இல்லாத டாப்சோனியனில் அதுதான் முதலில் பார்வைக்குள் நுழைய வேண்டும். நுழைகிறது, ஐந்தில் ஒரு விநாடி முன்னதாக! கண் எங்கே பிடிக்கும். அட்டை மூடி இல்லாமல் முழு வாயில், காற்று நின்ற ஒரு கணத்தில் ஓரமாகப் பச்சையாக ஒரு பொட்டு தெரிந்தது. அந்தப் பச்சை நிஜ நிறமல்ல, சிவப்புக்குப் பக்கத்தில் கண் கட்டுகிற வேஷம்.

ஜூன் 7, சனி

மேல்காற்று. மாடியில் தொலைநோக்கி நிற்கவே இல்லை. தண்ணீர்த் தொட்டியின் மறைவில் 70 ஓபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரம் மட்டும். மஞ்சள் ஒன்று, ஆரஞ்சு ஒன்று, அழகான ஜோடி. 1855-ல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வான்நோக்ககத்தின் கேப்டன் ஜேக்கப், இதன் அளவுகள் கணக்கிட்ட பாதையோடு ஒத்துப்போகாததைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்று எழுதினார். அவருடைய தொலைநோக்கியும் 6 அங்குலத்துக்குச் சற்று மேல்தான். கோள் பின்னால் பொய்த்துப்போனது. ஆனாலும் 88 ஆண்டுச் சுற்றில் அத்தனை நுண்ணிய பிசகைத் தேடிய துணிச்சல் சாதாரணமில்லை.

நானும் துணை எந்தத் திசையில் நிற்கிறது என்று கோணம் அளக்கலாம் என்று ஐபீஸை (கண் வைக்கும் வில்லை) சுற்றி ஒரு காகிதக் கோணமானி ஒட்டியிருக்கிறேன். அளவுகள் பல பாகைக்குச் சிதறுகின்றன. குறுக்கு இழை உள்ள ஐபீஸ் வேண்டும்; விலைதான் யோசிக்க வைக்கிறது.