மேட்டைப் பார்த்து நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாத கார்

டிசம்பர் 11 காலை ஐந்தரை மணி. அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். தர்மபுரியில் கண் டாக்டரிடம் எட்டு மணிக்கு டோக்கன். இரண்டு மாதம் காத்திருந்து வாங்கிய தேதி அது. நான் சாவியைத் திருப்பினேன், டீசல் இஞ்சின் ஸ்டார்ட்டுக்குத் தயார் என்று காட்டும் ஹீட்டர் லைட் அணைந்தது, செல்ஃப் அடித்தேன். மோட்டார் நன்றாகச் சுற்றியது, ஆனால் வண்டி எடுக்கவில்லை. ஆறு மணிக்கு மேல் செல்ஃபும் இழுக்க ஆரம்பித்துவிட்டது. "விடுப்பா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அம்மா மெதுவாக இறங்கி உள்ளே போனார். அந்தக் காலையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

வண்டி அப்பா 2006-ல் வாங்கிய டீசல் இண்டிகா. 1405 சிசி, நாலு சிலிண்டர், டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில் இல்லாத பழைய வகை. 2021-ல் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். அதில் ஒரு சிக்கலும் வரவில்லை. இஞ்சின் இன்றும் திடமாக இருக்கிறது. கோளாறு கம்பெனியினுடையது இல்லை, வண்டியின் வயசினுடையதும் இல்லை என்று இப்போது தெரிகிறது. தெரிந்துகொள்ள மூன்று மாதமும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேலும் ஆகிவிட்டன.

அக்டோபர் கடைசியிலேயே அறிகுறி தொடங்கிவிட்டது. காலையில் முதல் தடவை மட்டும் பத்து நொடி, பதினைந்து நொடி செல்ஃப் அடிக்க வேண்டும். எடுத்த பிறகு அரை நிமிடம் குலுங்கும். அப்புறம் நாள் முழுக்க ஒரே தட்டில் ஸ்டார்ட். யாரிடம் சொன்னாலும் "பனிக்கு டீசல் வண்டி அப்படித்தான்" என்றார்கள். எங்கள் வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மலையடிவாரத்துப் பக்கம். மார்கழிப் பனி உண்மையிலேயே அதிகம்தான், அதனால் நானும் நம்பினேன்.

முதலில் பேட்டரி. கடைக்காரர் வண்டியைப் பார்க்கவே இல்லை. "எத்தனை வருஷம் ஆச்சு? நாலா? மாத்திடுங்க" என்றார். பேட்டரி பாரம் தாங்குகிறதா என்று பார்க்கும் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. 5,800 ரூபாய், பழைய பேட்டரியையும் அவரே எடுத்துக்கொண்டார். புதுசு வேகமாகச் சுற்றியதால் ஒரு வாரம் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தது. பிறகு மறுபடி அதே கதை. பேட்டரியில் கை வைக்கும் முன் 300 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரியையோ, செல்ஃப் மோட்டாரையோ, எர்த் ஒயரையோ சந்தேகப்பட வேண்டும். என் வண்டியில் மோட்டார் முதலிலிருந்தே கணகணவென்று சுற்றியது. அதைக் காதால் கேட்டே நான் புரிந்துகொண்டிருக்கலாம்.

இரண்டாவது ஹீட்டர் பிளக், அதாவது ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் பிளக். டிசம்பர் 11-க்குப் பிறகு அவசரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். நாலு பிளக்கும் மாற்றி 1,800 ரூபாய் வாங்கினார்கள். கழற்றிய நாலையும் கேட்டு வாங்கி வந்து மல்டிமீட்டரில் பார்த்தேன். மூன்று பிளக் ஒரு ஓம் அளவு காட்டி நன்றாக இருந்தன, ஒன்று மட்டும் செத்திருந்தது. ஆக அந்தச் செலவு முழுக்க வீண் இல்லை. ஆனால் கழற்றாமலே, பிளக்கின் ஒயரை எடுத்துவிட்டு இதைப் பார்க்கலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு பிளக் மட்டும் போயிருந்தால் வண்டி மூன்று சிலிண்டரில் குலுங்கிக்கொண்டாவது எடுக்கும், பதினைந்து நொடி மௌனமாகச் சுற்றாது. இதை அந்த ஒர்க்‌ஷாப்காரர் சொல்லியிருக்க வேண்டும்.

அங்கே இன்னொன்றும் நடந்தது. பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் வைத்து ஒரு பையன் ஸ்டார்ட் செய்தான். ஹீட்டர் பிளக் உள்ள டீசல் இஞ்சினில் இதை யாரையும் செய்ய விடாதீர்கள். பழுத்துச் சிவந்த பிளக்கில் பெட்ரோல் ஆவி நேரம் தவறி வெடித்தால் பிஸ்டன் உடையும், எதிரே நிற்பவர் முகம் கருகும். தடதடவென்று அடித்த அந்தச் சத்தத்தில் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அதேபோல் செல்ஃபையும் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், அரை நிமிடம் விட்டு அடியுங்கள். மோட்டார் சூடேறிப் போனால் அது தனிச் செலவு.

மூன்றாவது சேலம். "டீசல் பம்ப் வீக். இறக்கி கேலிபரேஷன் போடணும்" என்று அதே ஒர்க்‌ஷாப்பில் சொல்லி, சேலத்தில் ஒரு பம்ப் கடைக்கு அனுப்பினார்கள். டேங்க்கை நிரப்பிக்கொண்டு, தொப்பூர் கணவாய் இறங்கி, வண்டியை அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். மறுநாள் காலை அங்கே வேலை செய்யும் தம்பி போன் செய்தார். "சார், ராத்திரி பூரா வெளிய நின்னுச்சு, காலைல ஒரே தட்டுல எடுத்துடுச்சு. என்ன பண்ணட்டும்?" முதலாளி போனை வாங்கி, எதற்கும் பம்ப்பை இறக்கிப் பார்த்துவிடலாம், 18,000 ஆகும் என்றார். வேண்டாம் என்று சொல்லி மறுபடி பஸ் ஏறிப் போய் எடுத்துவந்தேன். டீசல், டோல், பஸ், இரண்டு நாள் லீவு எல்லாம் போச்சு. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொன்ன அந்தத் தம்பிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர் சொன்னதை வைத்துத்தான் நான் யோசிக்கவே ஆரம்பித்தேன்.

சேலத்தில் எடுத்த வண்டி நான்கு நாள் கழித்து வீட்டில் மறுபடி மறுத்தது. பனி என்றால் நான்கு நாளில் அப்படி என்ன மாறிவிட்டது? வாசலில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு மலையைப் பார்த்து ஏறும் சரிவு. வண்டியை எப்போதும் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துவேன். சேலத்தில் அது சமதளத்தில் நின்றது, அதுவும் முழு டேங்க்கோடு.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதினேன். மூன்று இரவு மூக்கு மேலே: 14 நொடி, 17, 16. மூன்று இரவு திருப்பி, மூக்கு கீழே: 2, 2, 3. அதே பனி, அதே பேட்டரி, அதே பம்ப். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். பம்ப் கெட்டிருந்தால் அதற்கு மேடு ஏது, பள்ளம் ஏது?

இதை எனக்குப் புரிய வைத்தது எங்கள் ஊர்க் கிணறு. காவேரிப்பட்டணத்துப் பக்கம் தாத்தா தோட்டத்தில் மோனோபிளாக் மோட்டார் இருந்தது. தண்ணீர் திரும்ப இறங்காமல் குழாயின் அடியில் தடுக்கும் ஃபுட் வால்வு லீக் ஆனால் ராத்திரியில் குழாயில் நின்ற தண்ணீர் எல்லாம் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் மோட்டார் போட்டால் வெறுமனே சுற்றும். என் காரில் நடந்ததும் அதேதான். டேங்க் பின்னால் இருக்கிறது. மூக்கு மேலே நின்றால் இஞ்சின் உயரத்தில், டேங்க் பள்ளத்தில். டீசல் லைனில் எங்கோ பொட்டு அளவு ஓட்டை வழியாகக் காற்று நுழைந்தால் டீசல் முழுக்கப் பின்னால் இறங்கிவிடும். ஃபுட் வால்வில் தண்ணீர் அடியில் கசிகிறது, இங்கே மேலே காற்று புகுகிறது. இரண்டிலும் காலையில் குழாய் காலி.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. மறுநாள் மூக்கு மேலே நின்ற வண்டியில், சாவி போடும் முன் டீசல் ஃபில்டர் மேலே இருக்கும், லைனில் டீசலை நிரப்பும் கை பம்ப்பை அழுத்தினேன். முதலில் தொளதொளவென்று இறங்கியது, இருபது தடவைக்கு மேல் அழுத்திய பிறகு கை பாரம் ஏறியது. சாவி திருப்பினேன். இரண்டு நொடி. அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

உங்களுக்கும் டீசல் வண்டி மக்கர் செய்தால் முதலில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். அப்போது ஹீட்டர் பிளக், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பக்கம் போக வேண்டும். புகையே இல்லை என்றால் டீசலே வந்து சேரவில்லை. என் வண்டியில் கடைசி இரண்டு நொடி வரை புகை கிடையாது. மூன்று இடத்தில் வண்டி காட்டினேன், ஒருவர்கூடப் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடித்தது காவேரிப்பட்டணத்தில் டிராக்டர் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "ஏர் எடுக்குது தம்பி. எப்பலருந்து? அதுக்கு முன்னாடி எதுல கை வச்சாங்க?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. வண்டிக்குள் கிடந்த பில்லைத் தேடி எடுத்தேன். அக்டோபர் 14, சர்வீஸ், டீசல் ஃபில்டர் மாற்றியது. எனக்குக் கை நடுங்கியது.

கீழே ஒரு சொட்டு டீசல்கூட இல்லையே என்றேன். இஞ்சின் டீசலை உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் வெளியே சொட்டாது, உள்ளே காற்றைத்தான் இழுக்கும் என்றார். மூக்கு கீழே நின்ற காலைகளில் ஃபில்டரைத் தொட்டுப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்திருந்தேன், லேசாக ஈரம் இருந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். டேங்க் மேலே போனதும் அதே ஓட்டையில் டீசல் கசிந்திருக்கிறது.

கொத்தனார் லெவல் பார்க்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் கண்ணாடி டியூப் இரண்டு துண்டு வெட்டினார். ஒன்றை ஃபில்டருக்கு முன்னால், இன்னொன்றை ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே மாட்டி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். முன்னால் உள்ள டியூபில் டீசல் எண்ணெய்போலத் தெளிவாக ஓடியது. பின்னால் உள்ளதில் கடுகுபோலச் சின்னச் சின்னக் குமிழி வரிசையாக வந்தது. ஆக ஓட்டை ஃபில்டரிலேயே. கழற்றினார். புது ஃபில்டர், ஆனால் அதற்கு மேலே உட்காரும் ரப்பர் வளையம் பழசு. தட்டையாகி, ஒரு இடத்தில் நகக்கண் அளவு பிளந்திருந்தது. புது ஃபில்டர் போட்டவர் பழைய வளையத்தையே திரும்ப மாட்டியிருக்கிறார்.

வளையம் 40 ரூபாய். இரண்டு கிளிப் 30. கூலி 200. கண்ணாடி டியூபைக் கழற்றிவிட்டுப் பழையபடி ரப்பர் ஹோஸ் போட்டுக் கொடுத்தார். அந்த டியூப் டீசலில் கொஞ்ச நாளில் இறுகி வெடித்துவிடுமாம், சோதனைக்கு மட்டும்தான். காமன் ரெயில் வண்டி வைத்திருப்பவர்கள் இதை வீட்டில் செய்யவே கூடாது என்றும் சொன்னார். அதில் ஹை பிரஷர் பக்கம் 1000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், பைப்பைத் தளர்த்தினால் டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும்.

ஃபில்டர் மாற்றினால் பக்கத்திலேயே நில்லுங்கள். பெட்டியில் வரும் புது வளையம் வண்டிக்குள் போகிறதா என்று கண்ணால் பாருங்கள், பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிளந்த வளையத்தை சர்வீஸ் செய்த இடத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். "மாத்திதான் போட்டிருப்போம் சார்" என்றார்கள். பில்லை மேஜையில் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றேன். யாரும் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

அம்மாவுக்கு பிப்ரவரி 4-ல் மறுபடி தேதி கிடைத்தது. முந்தின இரவு வேண்டுமென்றே மூக்கை மேட்டைப் பார்க்க நிறுத்தினேன். காலை ஐந்தரைக்கு அம்மா அதே சால்வையோடு வந்து உட்கார்ந்தார், நான் சாவியைத் திருப்பும் வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நொடிகூட ஆகவில்லை. ஏழு மணிக்கெல்லாம் தர்மபுரியில் டோக்கன் வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.