என்ஸ்டோனின் நாற்காலி: 2025 பந்தய நாட்குறிப்பு

மே 7, 2025

நேற்று இரவு படுக்கப் போகிற நேரத்தில் செய்தி வந்தது. ஒலிவர் ஓக்ஸ் ராஜினாமா, உடனடியாக அமல். ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஆல்பைன் அணித் தலைவராக அவரை அறிவித்து ஒன்பது மாதம்தான் ஆகிறது. இன்று அடுத்த செய்தி: ஓட்டுநர் ஜாக் டூஹனை இறக்கிவிட்டு ஃபிராங்கோ கொலபின்டோவை ஏற்றுகிறார்கள், இமோலாவில் தொடங்கி ஐந்து பந்தயங்களுக்கு. ஓக்ஸின் பொறுப்புகளை அணியின் நிர்வாக ஆலோசகர் ஃப்ளாவியோ ப்ரியடோரே பார்த்துக்கொள்வாராம்.

இந்த அணியின் பெயர் ஆல்பைன் ஆனது 2021இல். அந்த வருடம் அணித் தலைவர் என்ற பதவியே கிடையாது, வேலையை இரண்டு மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2022இல் ஓட்மார் சாஃப்னவர் வந்தார். அந்த வருடம் 173 புள்ளிகள், நான்காவது இடம். அடுத்த ஜூலையில், பெல்ஜியம் பந்தயம் நடக்கும் அதே வார இறுதியில், அவரை அனுப்பிவிட்டார்கள். கூடவே அலன் பெர்மேன் போனார். இங்கிலாந்தில் என்ஸ்டோனில் இருக்கும் அணியின் பட்டறையில் 34 வருடம் வேலை பார்த்தவர்! அப்புறம் புரூனோ ஃபமான், அப்புறம் ஓக்ஸ். இப்போது ப்ரியடோரே.

நான் 2005இல் பார்க்கத் தொடங்கியவன். நீலமும் மஞ்சளுமாக அந்த ரெனோ கார் பிரேசிலின் இன்டர்லாகோஸில் மூன்றாவதாக வந்து அலோன்சோவைச் சாம்பியன் ஆக்கியது இன்னும் கண்ணில் இருக்கிறது. பெனட்டன், ரெனோ, லோட்டஸ், மறுபடி ரெனோ, இப்போது ஆல்பைன். பெயர்ப் பலகைதான் மாறுகிறது, பட்டறை அதேதான். என் பிடிப்பு அந்தப் பட்டறையின் மேல். அதனால்தான் நேற்று தூக்கம் வரவில்லை.

மே 18

நேற்று தகுதிச் சுற்றின் முதல் பகுதியிலேயே கொலபின்டோ தம்புரெல்லோ வளைவில் சுவரில் மோதினார். ஒரு சக்கரம் புல்லில் ஏறியது, அவ்வளவுதான், கார் கைவிட்டுப் போயிற்று. இன்று பந்தயத்திலும் அணிக்குப் புள்ளி இல்லை.

ஐந்து பந்தயம் என்று கெடு வைத்து ஒரு பையனைக் காரில் உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்? டூஹனுக்கு இந்த சீசனில் கிடைத்தது ஆறு பந்தயம். அவரும் முதல் நாளிலிருந்தே தன் இடத்துக்கு யார் வருவார் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் ஓட்டினார். மேலே இருப்பவர்களின் அவசரம் ஓட்டுநரின் வலது கால்வரை இறங்கி வருகிறது.

ஜூன் 16

லூக்கா டி மியோ ரெனோவை விட்டுப் போகிறார். நேற்று அறிவித்தார்கள். பந்தய அணிக்கு மேலே இருக்கிற நிறுவனத்தின் தலைமையே மாறுகிறது. ஃபார்முலா ஒன்னுக்கு ஆல்பைன் என்ற பெயரைக் கொண்டு வந்தவர் அவர்தான். ப்ரியடோரேயைத் திரும்ப அழைத்ததும் அவர்தான். எஞ்சின் திட்டத்தை மூடும் முடிவும் அவர் காலத்தில் வந்தது.

அந்த முடிவுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாரிஸுக்குத் தெற்கே வீரி-ஷாட்டியோனில் இருக்கிறது அந்த எஞ்சின் தொழிற்சாலை. 1977இல் டர்போ எஞ்சினை ஃபார்முலா ஒன்னுக்கு முதன்முதலாகக் கொண்டு வந்தவர்கள் ரெனோக்காரர்கள். ஆரம்பத்தில் அது அடிக்கடி புகைவிட்டு நின்றது, பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1979இல் டிஜோனில் ஜெயித்ததும் சிரிப்பு நின்றது. பிற்பாடு வில்லியம்ஸின் 1992 பட்டமும், ரெட் புல்லின் 2010 முதல் 2013 வரையிலான நான்கு பட்டங்களும் ரெனோ எஞ்சினில் வந்தவை. போன ஆண்டு மோன்சாவில் அந்தத் தொழிலாளர்கள் பார்வையாளர் மாடத்தில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். செப்டம்பர் 30 அன்று மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. நவம்பரில் அடுத்த அறிவிப்பு: 2026 முதல் மெர்சிடிஸ் எஞ்சின்.

கணக்குப் பார்த்தால் முடிவில் நியாயம் உண்டு. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த இந்தக் கலப்பின எஞ்சின் காலம் தொடங்கிய 2014இலிருந்து ரெனோ பின்தங்கியே இருந்தது. அந்த எஞ்சினை வாங்க வெளி அணி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓட்டுவது இரண்டே கார் என்றால் பந்தயத்தில் கிடைக்கும் தரவும் இரண்டு காருக்குத்தான். மெர்சிடிஸுக்கு எட்டு கார். எல்லாம் புரிகிறது. ஆனாலும் முடிவு எடுத்தவர் அதன் விளைவைப் பார்க்கிற வரைக்கும் இருக்க வேண்டாமா? புதிய எஞ்சினோடு கார் ஓடும் நாளில் அவர் அங்கே இருக்க மாட்டார்.

ஜூலை 6

சில்வர்ஸ்டோன். மழை, ஈரம், பாதுகாப்பு கார், வழுக்கல். நம் ஓட்டுநர் பியர் கேஸ்லி ஆறாவது! கடைசிச் சுற்றுகளில் ஸ்ட்ரோலைத் தாண்டிப் போனபோது எழுந்து நின்றுவிட்டேன். நேராகப் போட்டி போட முடியாத காரை வைத்துக்கொண்டு, தடம் காய்கிற நேரத்தில் எந்த வளைவில் ஈரம் பாக்கி இருக்கிறது என்று தேடித் தேடி ஓட்டினார். எட்டுப் புள்ளி.

கொலபின்டோவின் கார் பந்தயத்தைத் தொடங்கவே இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு அணி. நிகோ ஹல்கென்பெர்க் 19ஆம் இடத்திலிருந்து கிளம்பி மூன்றாவதாக வந்தார், வாழ்க்கையில் முதல் போடியம். சாபர் அணி போன ஆண்டு முழுவதும் சேர்த்தது நான்கே புள்ளி, கடைசி இடம். தலைமைக்கு மாட்டியா பினோட்டோ வந்தார், பிறகு ரெட் புல்லிலிருந்து ஜானதன் வீட்லி வந்தார். யார் எதைப் பார்ப்பது என்பதைப் பிரித்துக்கொண்டார்கள். இன்று அவர்களுக்கு 41 புள்ளி, நமக்கு 19. கடைசி இடம் இப்போது நம்முடையது.

செப்டம்பர் 6

இரண்டு நல்ல செய்தி. இந்த மாதம் முதல் தேதி ஸ்டீவ் நீல்சன் பொறுப்பேற்றார். பதவியின் பெயர் நிர்வாக இயக்குநர், செய்யப்போவது தினசரித் தலைமை. பெனட்டன் காலத்திலும் ரெனோ காலத்திலும் இதே என்ஸ்டோனில் வேலை பார்த்தவர், அப்புறம் விதிகளை வகுக்கும் பக்கத்திலும் இருந்தவர். பேட்டிகளில் பெரிய வாக்குறுதி எதுவும் கொடுப்பதில்லை. முன்பு ஆல்பைனின் தலைமை நிர்வாகி லொரான் ரோசி நூறு பந்தயத் திட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நூறு முடியும் முன்பே அவரை மாற்றினார்கள். அதற்குப் பிறகு, வாக்குறுதி தராத ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெம்பு வருகிறது.

இரண்டாவது, கேஸ்லி 2028 வரை கையெழுத்திட்டிருக்கிறார். இந்த ஆண்டு அணியின் ஒவ்வொரு புள்ளியும் அவர் எடுத்தது. அவர் விட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

ப்ரியடோரேயைப் பற்றி இதுவரை தள்ளிப்போட்டே வந்தேன். இன்று எழுதிவிடுகிறேன். 1994, 1995, 2005, 2006: என்ஸ்டோனின் நான்கு ஓட்டுநர் பட்டங்களும் அவர் தலைமையில் வந்தவை. ஷூமாக்கரையும் அலோன்சோவையும் அடையாளம் கண்டு வளர்த்த கண் அது. 2008 சிங்கப்பூரில் அலோன்சோ ஜெயிக்க வசதியாக அணியின் இன்னொரு ஓட்டுநர் பிக்கே ஜூனியர் வேண்டுமென்றே சுவரில் மோதியதும் அவர் காலத்தில்தான். 2009இல் அவர்மேல் தடை விழுந்தது, 2010இல் பிரெஞ்சு நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அந்தப் பந்தயத்தை அலோன்சோ ஜெயித்தபோது துள்ளிக் குதித்தவன் நான். உண்மை தெரிந்ததும் வந்த கசப்பு முழுதாகப் போகவே இல்லை.

ஒப்பந்தம் பேசுவதில் அவர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அவருடைய பதவி நிர்வாக ஆலோசகர். ஓட்டுநரை மாற்றுவது அவர் கையில் இருக்கிறது, காலையில் பட்டறைக்கு வந்து பாகம் ஏன் தாமதம் என்று கேட்கும் வேலை இன்னொருவருடையது. ஒரு வீட்டில் சாவிக்கொத்து ஒருவரிடமும் பொறுப்பு இன்னொருவரிடமும் இருந்தால் எப்படி? நீல்சனிடம் எத்தனை சாவி கொடுப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

செப்டம்பர் 21

பாகுவில் கார்லோஸ் சைன்ஸ் மூன்றாவது. வில்லியம்ஸ் அணிக்கு இந்த ஆண்டு 101 புள்ளி ஆகிவிட்டது, ஐந்தாவது இடம்.

நம் அணி பார்க்க வேண்டிய கண்ணாடி இதுதான். ஜேம்ஸ் வவுல்ஸ் 2023 பிப்ரவரியில் அங்கே அணித் தலைவராகப் போனபோது, ஏறத்தாழ 20,000 பாகங்களின் கணக்கை ஒரு எக்செல் தாளில் வைத்திருந்தார்களாம். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்று அதில் தெரியாது. 2024 தொடக்கத்தில் மெல்பர்னில் ஓட்டுநர் ஆல்பன் மோதியபோது மாற்று சேஸி, அதாவது காரின் உடற்கூடு, இல்லை. இன்னொரு ஓட்டுநர் சார்ஜன்டின் காரை வாங்கி ஆல்பனிடம் கொடுத்தார்கள், சார்ஜன்ட் ஞாயிற்றுக்கிழமை சும்மா நின்றார். அந்த ஆண்டு வில்லியம்ஸ் ஒன்பதாவது. அப்போதும் வவுல்ஸை யாரும் அனுப்பவில்லை. 2026தான் இலக்கு, அதுவரை வலி இருக்கும் என்று அவர் சொன்னதை முதலாளிகள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஃபார்முலா ஒன்னில் ஒரு தலைவர் எடுக்கும் முடிவு தடத்தில் தெரிய இரண்டு வருடம் ஆகும். வேறு அணியிலிருந்து ஒரு நல்ல பொறியாளரை இழுத்தால், அவர் ஆறு மாதமோ ஒரு வருடமோ வீட்டில் உட்கார்ந்துவிட்டுத்தான் சேர முடியும். சேர்ந்த பிறகு அவர் தொடுவது அடுத்த ஆண்டின் கார். ஓக்ஸுக்குக் கிடைத்த ஒன்பது மாதத்தில் அவர் முழுக்கத் தீர்மானித்த கார் ஒன்றுகூடத் தடத்துக்கு வரவில்லை. சாஃப்னவர் தொடங்கிய வேலைக்கும் அதே கதி. நட்ட செடியை வேர் பிடித்ததா என்று வாராவாரம் பிடுங்கிப் பார்க்கிற கதை இது.

இன்று வில்லியம்ஸில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருக்கும் பாட் ஃப்ரை, 2023இல் என்ஸ்டோனை விட்டுப் போனவர். இதை எழுதும்போது வயிறு எரிகிறது.

அக்டோபர் 20

நேற்று ஆஸ்டினில் கேஸ்லியைத் தாண்டக் கூடாது, இடத்தைக் காத்துக்கொள் என்று பிட் வாலிலிருந்து (தடத்தின் ஓரமாக அணித் தலைமை உட்காரும் இடம்) கொலபின்டோவுக்குச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை, தாண்டிவிட்டார். புள்ளிக்குச் சம்பந்தமே இல்லாத பின்வரிசைச் சண்டை. பிட் வாலின் உத்தரவே இறுதி, அதை மீறியது ஏமாற்றம் என்று நீல்சன் வெளிப்படையாகச் சொன்னார். பூசி மெழுகவில்லை. சரி, பேசுகிற ஆள் யார் என்று இப்போதாவது தெரிகிறது.

டிசம்பர் 8

சீசன் முடிந்தது. 22 புள்ளி, பத்தாவது இடம். ஒன்பதாவதாக வந்த சாபருக்கு 70.

2025 காரை மேம்படுத்துவதை அணி முன்கூட்டியே நிறுத்தி, ஆட்களை 2026 வேலைக்கு மாற்றியது. மாதக்கணக்கில் கடைசி வரிசையைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, ஆனால் இந்த ஆண்டின் சரியான முடிவு அதுதான் என்று நம்புகிறேன். கடைசி இடத்துக்குச் சலுகையும் உண்டு: சாம்பியன் அணிக்குக் காரின் வடிவத்தைச் சோதிக்கும் காற்றுச்சுரங்க ஒதுக்கீடு 70 சதவீதம் என்றால் பத்தாவது அணிக்கு 115 சதவீதம். விதிகள் அடியோடு மாறும் நேரத்தில் இது பெரிய வரம். மின் மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350க்குப் போகிறது. கார் இலகுவாகிறது, இறக்கைகள் நகர்கின்றன. எல்லோரும் புதுத் தாளில் எழுதப்போகிறார்கள்.

மெர்சிடிஸ் எஞ்சின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 2014இல் வில்லியம்ஸுக்கு அப்படித்தான் நடந்தது. முந்தைய ஆண்டு ஐந்து புள்ளி, ஒன்பதாவது. மெர்சிடிஸ் எஞ்சின் வந்ததும் மூன்றாவது. ஆனால் 2018இல் அதே மெர்சிடிஸ் எஞ்சினோடு பத்தாவது இடத்துக்கு விழுந்ததும் அதே வில்லியம்ஸ்தான்.

அதனால் புத்தாண்டுக்கு நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஆறாவதோ ஏழாவதோ வந்தால் போதும். மார்ச் 8, மெல்பர்ன். அன்று ஒளிபரப்பில் பிட் வாலைக் காட்டும்போது நீல்சன் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். 2027 மார்ச்சிலும்.