பின்னட்டையில் நிற்பவர்கள்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

ஏப்ரலில் கிட்டார் கலைஞர் டிக்கி பெட்ஸ் இறந்த செய்தி வந்ததிலிருந்து இந்தப் புத்தகத்தைப் படித்துவிட வேண்டும் என்று இருந்தேன். அவர் இருந்த அமெரிக்க ராக் குழு, ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் வரலாறு. தலையணை கனம். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கையில் எடுத்தவன், விளக்குப் போடுகிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை.

ப்ளூஸ், கன்ட்ரி, ஜாஸ் மூன்றும் கலந்து இவர்கள் வாசித்ததைத்தான் உலகம் ‘சதர்ன் ராக்’ என்று அழைத்தது. பாடகர் கிரெக் ஆல்மனுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ராக் பிறந்ததே தெற்கில்தானே, அப்புறம் ‘சதர்ன் ராக்’ என்றால் ‘ராக் ராக்’ என்று சொல்வது போலத்தானே என்பாராம். நியாயம்தான்.

முதல் அத்தியாயமே மனதைப் பிசைந்துவிட்டது. 1949 டிசம்பர் 26. ராணுவத்தில் இருந்த அப்பா, வழியில் காரில் ஏற்றிக்கொண்ட ஒருவனால் சுட்டுக் கொல்லப்படுகிறார். அண்ணன் டுவேனுக்கு மூன்று வயது, தம்பி கிரெக்குக்கு இரண்டு. அம்மா ஜெரால்டின் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணக்கியல் படித்து வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் இரண்டு பிள்ளைகளையும் ராணுவப் பள்ளி விடுதியில் விட்டார். 1959-இல்தான் மூவரும் ஃப்ளோரிடாவின் டேடோனா பீச்சில் ஒரு வீட்டில் சேர்ந்து குடியேறினார்கள்.

கிட்டார் முதலில் தம்பியுடையதுதான். பேப்பர் போட்டுச் சேர்த்த 21 டாலரை எடுத்துக்கொண்டு கிரெக் கடைக்குப் போகிறார். விலை 21.95. அந்த 95 சென்ட்டுக்காகத் திரும்பி வந்து மறுபடி போக வேண்டியிருந்தது. அண்ணனிடம் அப்போது மோட்டார் சைக்கிள் இருந்தது. தம்பியின் கிட்டாரைப் பிடுங்கிப் பிடுங்கி வாசித்து வீட்டில் ஓயாத சண்டை. கடைசியில் வண்டியை எங்கேயோ மோதி நொறுக்கிவிட்டு, மிஞ்சிய பாகங்களைக் கொடுத்துத் தனக்கென்று ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டார் டுவேன். முடிவு எனக்குத் தெரியும் என்பதால், அந்த வரியில் ‘மோட்டார் சைக்கிள்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே வயிற்றை என்னவோ செய்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

டுவேனுக்குப் பிறந்தநாள். சளி, காய்ச்சல், குதிரையிலிருந்து விழுந்து முழங்கையில் அடி வேறு. குதிரைச் சவாரிக்கு அழைத்துப் போனது தம்பி என்பதால் தம்பியோடு பேச்சு இல்லை. கிரெக் ஒரு சளி மாத்திரைப் புட்டியையும் தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரின் இசைத்தட்டையும் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுகிறார். அந்தத் தட்டில் ‘ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்’ இருக்கிறது, ஜெஸ்ஸி எட் டேவிஸின் ஸ்லைடு கிட்டாரோடு. டுவேன் அதைக் கேட்கிறார். மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, புட்டியின் லேபிளைக் கழுவி எடுத்து, மோதிர விரலில் மாட்டி, கம்பிகளின் மேல் இழுத்துப் பார்க்கிறார்.

அந்தக் கண்ணாடிப் புட்டிதான் பிறகு அவர் வாழ்நாள் முழுக்க விரலில் இருந்தது. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஒலியை விளக்க வேண்டியதில்லை. மெட்டுக்கட்டை இல்லாத இடத்திலும் சுரம் இருக்கிறது, விரல் அங்கே வழுக்கிக்கொண்டே போய்ச் சேருகிறது.

அக்டோபர் 10, வியாழன்

இன்று படித்தது குழுவின் டிரம்மர் ஜெய்மோவைப் பற்றி. இத்தனை வருடம் கேட்டும் இவரை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

மிசிசிப்பிக்காரர். கறுப்பினத்தவர். பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்குக்கு டிரம்ஸ் வாசித்தவர். பட்டினி கிடப்பதுதான் விதி என்றால் பிடித்த ஜாஸையாவது வாசித்துக்கொண்டு நியூயார்க்கில் கிடப்போம் என்று கிளம்ப இருந்தவரை, அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரில் ஒரு ஸ்டூடியோவில் வாசித்துக்கொண்டிருந்த ஒல்லிப் பையனை ஒருமுறை போய்ப் பார் என்று அனுப்புகிறார்கள். அந்தப் பையன் டுவேன். பாடகர் வில்சன் பிக்கெட்டைப் பீட்டில்ஸின் ‘ஹே ஜூட்’ பாட வைத்து, அதன் கடைசியில் கிட்டாரை அலற விட்டிருந்த நேரம் அது. இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். ஜெய்மோவின் நியூயார்க் பயணம் அதோடு நின்றது. ஜாஸ் மேதைகள் மைல்ஸ் டேவிஸையும் ஜான் கோல்ட்ரேனையும் டுவேனின் காதில் ஏற்றியவர் இவர்தான். ஒரே ராகத்தில் உட்கார்ந்து இருபது நிமிடம் விரித்து வாசிக்கும் தைரியம் அங்கிருந்து வந்தது.

புட்ச் டிரக்ஸின் வீட்டுக்கு டுவேன் இவரை அழைத்துப்போய், இவர் என் புது டிரம்மர், இவர் என் பழைய டிரம்மர் என்று அறிமுகம் செய்துவிட்டுப் போய்விட்டாராம். புட்ச் தெற்கத்தி வெள்ளைக்காரப் பிள்ளை, அதுவரை ஒரு கறுப்பின மனிதரோடு உட்கார்ந்து பேசிப் பழகாதவர். அந்த இரண்டு பேர்தான் பிறகு, இடையில் பிரிந்திருந்த காலம் போக, 2014 வரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள்.

1969 மார்ச் 26, ஜாக்சன்வில். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிரெக் வந்து சேருகிறார். மற்ற ஐந்து பேரும் வாசிப்பதைக் கேட்டு மிரண்டு, எனக்கு இந்த அளவு வராது என்கிறார். அண்ணன் திட்டுகிற திட்டில், ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் ‘ட்ரபிள் நோ மோர்’ பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடிவிடுகிறார். குழு அன்றைக்கு முழுமையானது.

அக்டோபர் 12, சனி

மேக்கன் அத்தியாயங்கள். ஜார்ஜியாவில் இருக்கும் இந்த ஊரில்தான் இவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான கேப்ரிகார்ன் ரெக்கார்ட்ஸை ஃபில் வால்டன் நடத்தினார். குழு 1969-இல் அங்கே வந்துவிட்டது. நீண்ட முடி வைத்த வெள்ளைக்காரப் பையன்களும் ஒரு கறுப்பினத்தவரும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகத் தெருவில் நடக்கிறார்கள். அந்த ஊரில், அந்த வருடத்தில், அது எவ்வளவு பெரிய காரியம்! வாடகைக்குக்கூடத் திண்டாட்டம். அவர்களோடு இருந்த ரெட் டாக் என்பவர் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர். மேடைச் சாமான் தூக்குகிற ஆள். காயத்துக்காக அரசாங்கம் மாதாமாதம் அவருக்கு அனுப்பிய காசோலையை எல்லாருடைய சாப்பாட்டுக்கும் கொடுத்துவிடுவார்.

எச் அண்ட் எச் என்று ஒரு உணவகம். இனெஸ் ஹில், லூயிஸ் ஹட்சன் என்ற இரண்டு பெண்கள் நடத்தியது. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி. ஒரு நாள் இந்தக் கூட்டம் வந்து இரண்டே தட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்ள உட்காருகிறது. லூயிஸ் அம்மா பார்க்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவந்து வைக்கிறார். காசு வரும்போது கொடுங்கள், அவ்வளவுதான்.

புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் நான் இருந்த நாட்களில் எங்கள் மெஸ் அக்காவும் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் யாரிடமும் காசு கேட்க மாட்டார். நோட்டில் எழுதக்கூட மாட்டார். “சாப்பிடுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்.” அவர் முகம் நன்றாக நினைவிருக்கிறது. பெயர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

இவர்கள் மறக்கவில்லை. பணம் வந்த பிறகு, 1972-இல் லூயிஸ் அம்மாவைத் தங்களோடு சுற்றுப்பயணத்துக்கே அழைத்துப் போனார்கள்.

இன்னொன்று: ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டம். ஆற்றங்கரைச் சரிவில் இருக்கும் அந்தப் பழைய இடத்தில்தான் இரவெல்லாம் போய் உட்கார்ந்து வாசிப்பார்கள். அங்கே ஒரு கல்லில் கண்ட பெயரைத்தான் டிக்கி தன் பாடலற்ற இசைக்கு வைத்தார், ‘இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்’ என்று.

அக்டோபர் 15, செவ்வாய்

மழைக்காக எல்லாருக்கும் விடுமுறை விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’ ஓடுகிறது. 1971 மார்ச்சில் நியூயார்க்கில் மேடையில் பதிவானது. தயாரிப்பாளர் டாம் டவுட். இரட்டைத் தட்டு, மொத்தம் ஏழே உருப்படிகள்.

‘எலிசபெத் ரீட்’ தொடங்கும்போது கிட்டார் என்றே தோன்றாது. கம்பியைத் தட்டும் ஓசை காதில் விழாதபடி டிக்கி சத்தத்தைக் குறைத்து வைத்து, தட்டிய பிறகு மெல்ல ஏற்றுகிறார். வில்லால் இழுத்தது போல ஒவ்வொரு சுரமும் மூச்சு வாங்கிக்கொண்டு எழுகிறது. பிறகு டுவேன் சேர்ந்துகொள்ள, இரண்டு கிட்டாரும் ஒரே வாக்கியத்தைச் சற்றே வேறுவேறு உயரத்தில் சேர்ந்து சொல்கின்றன. ஒன்றை இன்னொன்று எந்த இடத்திலும் மூடிவிடவில்லை.

கடைசிப் பக்கம் முழுக்க ‘விப்பிங் போஸ்ட்’ மட்டும். இருபத்திரண்டு நிமிடத்துக்கும் மேல். பெர்ரி ஓக்லியின் பேஸ் கிட்டார் தனியாகத் தொடங்கும் அந்த இடத்தை இத்தனை வருடம் எண்ணாமலே கேட்டிருக்கிறேன். பதினொரு அடி என்கிறது புத்தகம். எழுதிய கிரெக்குக்கே அது தெரியாது. மூன்று, மூன்று, மூன்று, அப்புறம் திரும்பி ஏறிக்கொள்ள ஒரு இரண்டு என்றுதான் மனதில் வைத்திருந்தாராம். பதினொன்றில் எழுதியிருக்கிறாயே என்று டுவேன் வியந்தபோது தம்பி விழித்திருக்கிறார்.

அடுப்பில் பால் இருந்தது. அதன் முன்னால் நின்று தொடையில் தட்டிப் பார்த்தேன். தகிட தகிட தகிட தக. தகிட தகிட தகிட தக. அச்சாக உட்கார்ந்தது! அந்த ‘தக’வில் கால் ஒரு படி தவறி, உடனே மேல்படியில் ஊன்றுவது போல இருக்கிறது. பாட்டின் தவிப்பு முழுக்க அந்த ஒரு தவறலில் இருக்கிறது. இந்தப் பாட்டை நடு ராத்திரியில், காகிதம் கிடைக்காமல், அணைத்த தீக்குச்சிகளின் கரியால் இஸ்திரி மேசை உறைமேல் கிரெக் எழுதினார் என்று படித்தபோது நம்ப முடிந்தது.

பால் பொங்கி வழிந்துவிட்டது. போகட்டும்.

அக்டோபர் 16, புதன்

மழை விடவில்லை. இன்று படிக்கவில்லை, தட்டின் உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னட்டையில் ஆறு பேர் செங்கல் சுவருக்கு முன்னால், தங்கள் சாமான் பெட்டிகள்மேல் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். ஜிம் மார்ஷல் எடுத்த புகழ்பெற்ற படம். பின்னட்டையில் அதே சுவர், அதே பெட்டிகள். ஆனால் அங்கே இருப்பது பெட்டி தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள். ரெட் டாக் இருக்கிறார். கிம் பெயின் இருக்கிறார். ‘மிட்நைட் ரைடர்’ பாட்டின் மூன்றாம் சரணத்தில் கிரெக் முட்டிக்கொண்டு நின்றபோது அடி எடுத்துக் கொடுத்தவர் இந்தக் கிம் பெயின்தான். அதற்காக வருமானத்தில் அவருக்கு 5 சதவீதம் எழுதிக் கொடுத்தார் கிரெக்.

அவர்களுக்குப் பின்னால், சுவரில், இன்னொரு முகம் ஒட்டவைத்தது போல இருக்கிறது. ட்விக்ஸ் லிண்டன். குழுவின் பயண மேலாளர். 1970-இல் பஃபலோ நகரில் கச்சேரிப் பணம் தராத விடுதிக்காரரோடு சண்டையாகி, கத்தியால் குத்த, அந்த மனிதர் இறந்துவிட்டார். படம் எடுத்த நேரத்தில் ட்விக்ஸ் சிறையில் இருந்தார். அதனால் அவர் படத்தைத் தனியாக வைத்துச் சேர்த்தார்கள். செய்தது கொலை. அதில் எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை, இறந்தவருக்கும் குடும்பம் இருந்திருக்கும். ஆனாலும் அவரை விட்டுவிட்டு இந்தப் படத்தை எடுக்க இவர்களுக்கு மனம் வரவில்லை என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

அக்டோபர் 19, சனி

மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

1971 அக்டோபர் 25, ‘ஃபில்மோர் ஈஸ்ட்’ தங்கத்தட்டு ஆகிறது. 29-ஆம் தேதி மேக்கனில் பெர்ரியின் மனைவிக்குப் பிறந்தநாள். வீட்டுக்கு வந்து வாழ்த்திவிட்டு டுவேன் தன் ஹார்லியில் கிளம்புகிறார். லாரி ஒன்று திரும்புகிற இடத்தில் குறுக்கே நின்றுவிட்டது. வயது 24.

இறுதிச் சடங்கில் சவப்பெட்டிக்குப் பின்னால் வாத்தியங்களை அடுக்கி, மீதி ஐந்து பேரும் வாசித்தார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

பெர்ரி ஓக்லி. 1972 நவம்பர் 11. அதே ஊர், முதல் விபத்து நடந்த இடத்திலிருந்து மூன்றே தெரு தள்ளி, மோட்டார் சைக்கிளில் போய்ப் பேருந்தில் மோதுகிறார். ஒன்றுமில்லை என்று மருத்துவமனைக்குப் போக மறுத்து வீட்டுக்கு வருகிறார். சில மணி நேரத்தில் உயிர் போகிறது. அவருக்கும் 24.

ஒரு வருடத்துக்கு மேலாக டுவேனை அடக்கம் செய்யாமலே வைத்திருந்தார்கள். இப்போது இருவரையும் ரோஸ் ஹில்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். டுவேன் போன நாளிலிருந்து பெர்ரி தானாக இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். இதற்குமேல் இன்று முடியவில்லை.

அக்டோபர் 23, புதன்

1973-இல்தான் பணமும் புகழும் கொட்டியது. ‘ராம்ப்ளின் மேன்’ பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம். வாட்கின்ஸ் கிளென்னில் கிரேட்ஃபுல் டெட், த பேண்ட் குழுக்களோடு வாசித்தபோது ஏறக்குறைய 6 லட்சம் பேர். ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்றபோது நிதி திரட்ட வாசித்துக் கொடுத்தார்கள். இந்த அத்தியாயங்களை வேகமாகப் புரட்டிவிட்டேன். தனி விமானம், தனி அறை, தனி கார். யாரும் யாரோடும் சாப்பிடுவதாக எங்கேயும் வரவில்லை.

நின்று படித்தது ஸ்கூட்டர் ஹெரிங் கதையை. கிரெக்கின் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர், அளவுக்கு மீறிய போதையில் சாகக் கிடந்தவரை ஒருமுறை காப்பாற்றியவர். 1976-இல் போதைமருந்து வழக்கில், தன்மேல் நடவடிக்கை வராது என்ற உத்தரவாதத்தோடு கிரெக் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 75 வருடத் தண்டனை. மேல்முறையீட்டுக்குப் பிறகு அது வெகுவாகக் குறைந்தது. ஆனால் குழு அன்றைக்கே உடைந்துவிட்டது. இனி இவரோடு வாசிப்பதில்லை என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

கிரெக்கின் குரல் எனக்கு உயிர். இருந்தாலும் இந்த இடத்தில் நான் ஸ்கூட்டர் பக்கம்தான். பின்னட்டையில் ட்விக்ஸுக்கு இடம் விட்ட குழு, ஐந்தே வருடத்தில் இங்கே வந்து நிற்கிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

முடித்துவிட்டேன்.

பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து, 1989-இல் திரும்ப எழுந்தார்கள். அந்த வருடம் முதல் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் மட்டும் 230-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். புட்ச்சின் சகோதரர் மகன் டெரெக் டிரக்ஸ், டுவேன் நின்ற இடத்தில் ஸ்லைடு வாசித்தார்.

கடைசிக் கச்சேரி 2014 அக்டோபர் 28. நள்ளிரவு தாண்டியும் போனது. அதனால் தேதி 29 ஆகிவிட்டது, டுவேன் இறந்த நாள். மேடையில் பழைய ஆறு பேரில் மூன்று பேர்: கிரெக், புட்ச், ஜெய்மோ. ‘விப்பிங் போஸ்ட்’ முடிந்த பிறகு, நாங்கள் முதன்முதலில் சேர்ந்து வாசித்த பாட்டு என்று சொல்லி கிரெக் ‘ட்ரபிள் நோ மோர்’ பாடினார். ஜாக்சன்வில்லில் அண்ணன் திட்டியதால் கண்ணை மூடிக்கொண்டு பாடிய அதே பாட்டு.

2017-இல் புட்ச்சும் கிரெக்கும், இந்த ஏப்ரலில் டிக்கியும் போய்விட்டார்கள். ஜெய்மோ மட்டும் இருக்கிறார்.

இரவு அந்தப் பாட்டின் 1971 மேடைப் பதிவைப் போட்டேன். இந்த முறை கிட்டாரை விட்டுவிட்டு இரண்டு டிரம்ஸையும் பிரித்துப் பிடிக்கப் பார்த்தேன். நேர் கோட்டில் வண்டி போல ஓடுகிறவர் புட்ச். அதன் இடுக்குகளில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், லேசாக ஒன்று தட்டிவிட்டுப் போகிறவர் ஜெய்மோ. பிடி கிடைத்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.